டைமிங் பெல்ட் மாற்றப் போன வீடுகள்

டைமிங் பெல்ட் மாற்றுகிறவர்கள் வழக்கமாகக் கராஜில் இருப்பார்கள், கார்தான் அவர்களைத் தேடி வரும். யுத்த காலத்துக் கொழும்பில் எங்கள் தொழில் தலைகீழாக நடந்தது. நாங்கள்தான் காரைத் தேடிப் போனோம்.

காரணம் உங்களுக்கும் தெரியும், நீங்களும் அந்த நாட்களில் கார் வைத்துப் பட்டவர்கள்தானே. கார்ச் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சோறு சாப்பிட முடியுமா? கார் கராஜில்தான் நிற்கிறதா, யாராவது ஓட்டிக்கொண்டு திரிகிறார்களா, எந்தச் சந்தியில் என்ன நடக்கும், நடந்தால் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலும் கார் தமிழ்ப் பெயரில் பதிந்தது என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வெள்ளவத்தைக்காரரும் கொட்டாஞ்சேனைக்காரரும் கார் கண் முன்னால் நிற்கட்டும், மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படி வந்த மெக்கானிக் நான்தான். பெயர் பிலோமினா, ஊர் கொட்டாஞ்சேனை.

பஞ்சிகாவத்தையில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் நான் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்னக் கொட்டகையில் கார் கழற்றிப் பூட்டுகிற வேலை நடக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை அங்கே கழித்துக் கழித்து வேலை பழகிவிட்டது. முதலாளி கனடாவுக்குப் போகக் கடையை மூடியபோது, பெல்ட் வேலைக்குத் தேவையான கருவிகள் முழுவதையும் நான் வாங்கிக்கொண்டேன். என் கணவர் சேவியரிடம் ஒரு த்ரீவீல் இருந்தது. அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த நாட்களில் கொழும்பில் வேலைக்குப் போகிற ஒருத்திக்கு ஸ்பனர் எவ்வளவு தேவையோ அவ்வளவு அதுவும் தேவை.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சினின் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிற, பல் வைத்த ரப்பர் வார்தான் டைமிங் பெல்ட். அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சின் தன்னைத்தானே இடித்து நொறுக்கிக்கொள்ளும். அறுகிற வரைக்கும் ஒரு சத்தமும் போடாது. கொழும்புக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மெக்கானிக் எங்கே?

வெள்ளவத்தையில் சோமசுந்தரம் அங்கிள் ஓய்வுபெற்ற நில அளவையாளர். நாங்கள் போய் இறங்கியபோது கேற்றடியிலேயே நின்றார். சேவியரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாரும் தம்பி, இருந்து கதைப்பம். பிள்ளை சாமான்களை இறக்கட்டும்." சேவியர், "அங்கிள், நான் டிரைவர் மட்டும்தான். மெக்கானிக் இவதான்" என்றார். அங்கிள் வயிறு குலுங்கச் சிரித்தார். "பகிடியை விடும். தேத்தண்ணி சீனி போட்டோ, போடாமலோ?"

நான் காரின் முன் சில்லைக் கழற்றி, பெல்ட்டை மூடியிருக்கிற கவரைக் கழற்றி வேலையைத் தொடங்கினேன். அவர்கள் இருவரும் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். அங்கிளுக்கு எஞ்சின் பற்றி ஆயிரம் கேள்வி. எல்லாம் சேவியரிடம்தான். "தம்பி, தண்ணிப் பம்பையும் மாத்த வேணுமோ?" சேவியர் என் பக்கம் திரும்பி, "பிலோ, தண்ணிப் பம்ப்?" என்பார். "கசியுது, மாத்த வேணும்" என்பேன். "கசியுது அங்கிள், மாத்த வேணும்" என்பார் அவர். "நான் அப்பவே நினைச்சனான்" என்று அங்கிள் தலையாட்டுவார். இப்படியே முழு எஞ்சினும் கழற்றிப் பூட்டப்பட்டது. ஒரு கட்டத்தில் சேவியருக்கே தான் மெக்கானிக்தானோ என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். "பெல்ட்டை இறுக்குற டென்ஷனரையும் ஒருக்காப் பாருங்க பிலோ" என்று எனக்கு உத்தரவு போட்டார்.

வேலை முடிந்து எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. என் முகம், கழுத்து, முழங்கை எல்லாம் கிறீஸ். அங்கிள் எழுந்து சேவியர் போட்டிருந்த வெள்ளைச் சேட்டை மேலும் கீழும் பார்த்து, தோளில் தட்டிச் சொன்னார்: "தம்பி, எத்தினையோ மெக்கானிக்மாரைக் கண்டிட்டன். வேலை முடிஞ்சும் சேட்டில ஒரு பொட்டு எண்ணெய் இல்லாம நிக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

கழற்றி வைத்த சில்லு

மங்கை அன்ரி வீடும் வெள்ளவத்தைதான். பிள்ளைகள் லண்டனில். வீட்டில் அவரும், முருகன் படமும், ஒரு பழைய ஜப்பான் காரும். நாங்கள் போகிற வழியில் சோதனைக்கு மறித்துப் பிந்திவிட்டோம். அன்ரி வாசலில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ராகுகாலம் தொடங்கப்போகுது பிள்ளை. ஒரு ஆணியையாவது இப்பவே கழட்டிப்போடும், மிச்சத்தைப் பிறகு பாப்பம்." ஓடிப்போய் ஸ்பனரால் சில்லு ஆணி ஒன்றைக் கழற்றினேன். நல்ல நேரத்தில் வேலை தொடங்கியாயிற்று. பிறகு ராகுகாலம் முடியும் மட்டும் மூன்று பேரும் உட்கார்ந்து வடை சாப்பிட்டோம். இப்படி ஒரு வேலைத்தலம் யாருக்கு வாய்க்கும்?

புது பெல்ட்டைப் போட்டு, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்து, மேல், கீழ்ச் சக்கரங்களின் குறிகள் நேராக நிற்பதை உறுதி செய்துகொண்டு, சாவியைப் போடப் போனேன். "நில்லும்!" என்று அன்ரி தட்டில் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். "அன்ரி, முன் சில்லு இன்னும் பூட்டேல்லை. கார் ஓடாது, எஞ்சின் மட்டும்தான் ஓடும்" என்றேன். "எஞ்சின் ஓடினாலும் ஓடினதுதானே" என்று மூன்று சில்லுக்கடியில் மூன்று பழத்தை வைத்தார். நாலாவது பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சில்லு இல்லாத இடத்தைப் பார்த்து யோசித்தார்.

அவர் யோசிக்கிற நேரத்தில் நான் என் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டேன். எந்த எஞ்சினையும் முதல்முறை ஸ்டார்ட் பண்ணும்போது என் கை தானாகவே நெற்றிக்குப் போய்விடும். அன்ரி கண்டுவிட்டார். கோவிப்பாரோ என்று பயந்தேன். அவர் முகம் மலர்ந்தது. பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லதாப்போச்சு பிள்ளை. பூட்டியிருக்கிற மூண்டு சில்லையும் பிள்ளையார் பாக்கட்டும், கழட்டி வைச்சிருக்கிறதை உம்மட மாதா பாக்கட்டும்."

சாக்கில் என்ன?

மாற்றிய பழைய பெல்ட்டுகளை நான் எறிவதில்லை. அவற்றில் எது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று காட்டினால்தான் அடுத்த வீட்டுக்காரர் நம்புவார். ஒருநாள் ஒரு சாக்கு நிறையப் பழைய பெல்ட்டும், கருவிப் பெட்டியும், நாங்கள் இருவருமாக கொச்சிக்கடைப் பக்கம் வந்தபோது சோதனைச் சாவடியில் த்ரீவீலை மறித்தார்கள். ஒரு இளம் பொலிஸ்காரர் சாக்கைத் தொட்டுப் பார்த்து, சிங்களத்தில், "இது என்ன?" என்று கேட்டார்.

தண்ணீர் மாதிரிச் சிங்களம் பேசுகிற என் கணவர், யோசிக்காமல், "டைமிங்" என்றார். பொலிஸ்காரர் ஓர் அடி பின்னால் போனார். சேவியர் அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் தெளிவாக, இடுப்பைச் சுற்றிக் கையால் காட்டி, "பெல்ட், பெல்ட்" என்றார். இப்போது மூன்று பேர் பின்னால் போனார்கள். துவக்குக் குழல்கள் முன்னால் வந்தன. எங்களை இறக்கித் தூர நிற்க வைத்தார்கள். சாக்கு தனியே றோட்டில் இருந்தது. பின்னால் பஸ்கள் வரிசையாக நின்றன. சேவியரைப் பார்த்தேன், அவர் இன்னும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "கையை எடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

கடைசியில் வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்தார். தடியால் சாக்கைச் சரித்தார். கறுப்பு ரப்பர் வார்கள் றோட்டில் சுருள் சுருளாக விழுந்தன. ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பல்லைத் தடவினார். அவரிடமும் கார் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் கேட்ட முதல் கேள்வி, இதை எப்போது மாற்ற வேண்டும் என்பதுதான். நான் விளக்கமாகச் சொன்னேன். பஸ்கள் காத்திருந்தன. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சேவியரிடம் திரும்பி அவர் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அடுத்தமுறை யாராவது கேட்டால் ரப்பர் சாமான் என்று சொல்லு தம்பி, உனக்கும் ஆயுசு, எங்களுக்கும் ஆயுசு."

சரியான கருவி

கொம்பனித்தெருவில் நிஸாம் நானா தையல் கடை வைத்திருந்தவர். பெல்ட்டைத் தானே மாற்றுவதாக ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து தொடங்கியிருக்கிறார். எஞ்சினின் அடியில் சுற்றுகிற கிராங்க் தண்டின் நுனியில் இருக்கிற பெரிய ஆணியைக் கழற்றினால்தான் பெல்ட்டுக்கே போகலாம். ஆணியைத் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து திரும்பும். அதைத் திரும்பவிடாமல் பிடிக்கத் தனிக் கருவி இருக்கிறது. நானாவிடம் அது இல்லை. கொடிக் கயிற்றால் கட்டிப் பார்த்தார், கயிறு அறுந்தது. ஸ்குரூ டிரைவரைச் செருகிப் பார்த்தார், அது வளைந்தது. ஆணியில் உளியை வைத்து, மனைவியின் அம்மிக் குழவியைக் கொண்டுவந்து அதனால் அடித்தார். குழவி பிழைத்துக்கொண்டது, ஆணியின் தலை உருண்டையாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். உருண்ட தலையில் கொஞ்சம் சின்ன சொக்கட் ஸ்பனர் ஒன்றை அடித்து இறக்கி, பிடிக்கிற கருவியைப் போட்டு, நீண்ட கம்பியால் ஒரு அமத்து அமத்தினேன். 'டக்' என்று ஆணி இளகியது. நானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பார்த்தது காரை அல்ல, கருவியை. கையில் எடுத்தார், திருப்பினார், துடைத்தார், கைப்பிடியைத் தடவினார். "இது எங்க எடுத்த? இதால வேற என்னென்ன கழட்டலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சுக் கேட்டு உள்ளேயிருந்து மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, நானாவுக்குக் கேட்கிற மாதிரியே என்னிடம் சொன்னார்: "மகள், வேலை முடிஞ்சா ஒண்டு விடாமப் பாத்து எடுத்துட்டுப் போங்க. ஒண்ட விட்டுட்டுப் போனாலும் இந்த மனுசன் நாளைக்கு ஃபிரிஜ்ஜக் கழட்டிருவாரு."

பிடி, விடாதே!

அந்தப் பெரிய ஆணி பிடித்திருக்கிற சக்கரத்துக்கு ஆங்கிலத்தில் 'புல்லி' என்று பெயர். எங்கள் கராஜ் தமிழில் அது 'புலி' ஆகிவிட்டது. சிங்கள மெக்கானிக்குகள் 'புலிய' என்பார்கள். கொட்டகையில் நாள் முழுக்க "புலியைக் கழட்டு, புலியைப் பூட்டு" என்று கத்துவோம். ஒருவரும் பொருட்படுத்தியதில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் சிவமணி ரீச்சர் வீடு. காலையில் வேலை தொடங்கி, சில்லைக் கழற்றி, ஆணியடிக்கு வந்துவிட்டேன். அது நிஸாம் நானாவின் ஆணியைவிடப் பிடிவாதம். பிடிக்கிற கருவியைச் சேவியர் கையில் கொடுத்து, சில்லு இருந்த இடத்துக்குள் அவரைப் படுக்க வைத்தேன். நான் நீண்ட கம்பியில் முழுப் பாரத்தையும் போட்டேன். அவர் பிடி கொஞ்சம் தளர்ந்தது. நான் அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன்: "புலியைப் பிடிங்க! விட்டிடாதீங்க!"

நிமிர்ந்து பார்த்தால் கேற்றடியில் இரண்டு ஆமிக்காரர். ஒழுங்கையைச் சுற்றி வளைத்துச் சோதனை தொடங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது. இளையவர் வடக்கில் சண்டையில் நின்றவர் போல, நாலு தமிழ்ச் சொல் தெரியும். அதில் ஒன்று எது என்று நான் சொல்லத் தேவையில்லை. "புலி எங்க?" என்றார், துவக்கைச் சேவியரின் கால்களுக்கு நேரே பிடித்துக்கொண்டு. பிறகு சிங்களத்தில், "கையைத் தூக்கு!" என்றார். காருக்கடியிலிருந்து சேவியரின் குரல் வந்தது. சிங்களம் இப்போது தண்ணீர் மாதிரி ஓடவில்லை, சொட்டுச் சொட்டாக வந்தது. "சேர், கையைத் தூக்கலாம். தூக்கினா இவட கை முறிஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு என்று இருந்தால் ட்ரக்கில் ஏற்றிப் போவார்கள். விசாரித்துவிட்டு விடுவார்கள், சிலவேளை உடனே, சிலவேளை நாள்கணக்கில். சேவியர் பிறந்தது மன்னார். ஒழுங்கை வாயிலில் ட்ரக் நின்றது, அதில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். ரீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கம்பியை விடவுமில்லை, மூச்சு விடவுமில்லை.

சத்தம் கேட்டு ஒரு சார்ஜன்ட் வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். சேவியர் இரண்டு கையாலும் கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். சார்ஜன்டின் முகம் மாறியது. "ஆ! புலிய!" என்றார். இளையவரின் தலையில் ஒரு தட்டு தட்டி, இவர்கள் சொல்கிற புலி இதுதானடா என்று சக்கரத்தைக் காட்டினார். படையில் சேர முதல் அவர் குருநாகலில் கராஜ் வேலை செய்தவராம். துவக்கை இளையவர் கையில் கொடுத்துவிட்டு, என் கம்பியில் தானும் ஒரு கை வைத்தார். ஆணி இளகியது. பிறகுதான் அடையாள அட்டை கேட்டார். சேவியர் எழுந்து கொடுத்தார். சார்ஜன்ட் அட்டையைப் பார்த்தார், பிறந்த இடம் இருக்கிற வரியில் அவர் கண் நின்றது. ட்ரக்கைப் பார்த்தார். கழற்றிப் போட்டிருந்த காரைப் பார்த்தார். அட்டையைச் சேவியரின் சேட்டுப் பைக்குள் தானே வைத்துவிட்டு, இளையவரிடம் சிங்களத்தில் சொன்னார்: "இவனைக் கொண்டு போனால் அந்தப் பொம்பிளைக்குப் புலிய பிடிக்கிறது யார்?"

அவர்கள் போன பிறகு சேவியர் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். நானும்தான். ரீச்சர் கோப்பி கொண்டுவந்தார். அந்த வேலை முடிய அன்றைக்குப் பொழுதுபட்டுவிட்டது.

விமானத்துக்குப் போகிற கார்

வத்தளையில் மரியதாஸ் அங்கிள் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவருடைய ஒரே மகள் ஷாமினி அன்று பின்னேரம் நோர்வேக்குப் பறக்கிறாள், அங்கே கல்யாணம். மாப்பிள்ளையை அவள் படத்தில்தான் கண்டிருக்கிறாள். காலையில் கார் ஒரு மாதிரி இரைகிறது என்று அங்கிள் கூப்பிட்டார். கவரைத் திறந்தால் தண்ணீர்ப் பம்ப் கசிந்து கசிந்து பெல்ட் ஓரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. "இதோட விமான நிலையம் போகேலாது அங்கிள்" என்றேன். வாடகை வான் பிடிக்கலாமே என்றால், தெரியாத டிரைவரோடு அத்தனை சோதனைச் சாவடி தாண்டிப் பெண்பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்றார். சரி, மாற்றுவோம் என்று தொடங்கினேன். சேவியர் பம்ப் வாங்க ஓடினார்.

பெல்ட்டைப் போட்டு இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்தால் மேல் குறி ஒரு பல் தள்ளி நின்றது. இறுக்கும்போது அப்படி நழுவுவது உண்டு. அதற்காகத்தான் சுற்றிப் பார்ப்பது. "ஒரு பல்லுத்தானே பிள்ளை, போய்ச் சேர்ந்திடாதா?" என்று அங்கிள் கெஞ்சினார். ஒரு பல் தவறினால் எஞ்சின் மூச்சு வாங்கும், ஏற்றத்தில் நின்றாலும் நிற்கும் என்று சொல்லித் திரும்பக் கழற்றினேன். மேல் சக்கரத்தை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். சேவியர் எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் வாங்க மறுபடி போயிருந்தார். அங்கிள் பயணப் பெட்டிகளோடு வாசலுக்கும் கேற்றுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். பயணத்துக்குச் சேலை கட்டி நின்ற ஷாமினி வந்து, "தாங்க அக்கா, நான் பிடிக்கிறன்" என்று ஸ்பனரை வாங்கினாள்.

நாங்கள் இருவரும் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தபோது, மற்றவர்களுக்குக் கேட்காமல் அவள் கேட்டாள்: "அக்கா, நான் இப்ப கையை விட்டா இண்டைக்குப் போகத் தேவையில்லை, என்ன?" நான் அவளைப் பார்த்தேன். பகிடியில்லை. "போக விருப்பமில்லாட்டி அப்பாவிட்ட நேரா சொல்லு, நானும் கூட நிண்டு சொல்லுறன். பாவம் எஞ்சினில பழியைப் போடாத" என்றேன். ஸ்பனர் அசையவில்லை. "விருப்பம்தான் அக்கா. பயமாயிருக்கு" என்றாள். "பயம் இருக்கட்டும். அதுபாட்டுக்கு இருந்திட்டுப் போகட்டும். நீ இறுக்கிப் பிடி" என்றேன். குறிகள் நேராக வந்தன. சுற்றிப் பார்த்தோம், நேராகவே நின்றன. அவள் சேலை ஓரத்தில் கிறீஸ் பட்டுவிட்டது. அம்மா தலையில் கை வைத்தார். மாற்ற நேரமில்லை, அப்படியே ஏறினாள். விமானத்தைப் பிடித்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து முதன்முதலாக அவள் தொலைபேசியில் கதைத்ததை அம்மா எங்கள் வீடு தேடி வந்து எனக்குச் சொன்னார், மகளுடைய குரலிலேயே: "அம்மா, நல்ல மனுசன், பயப்பிடாதேங்கோ. ஆனா ஸ்பனர் எது, ஸ்குரூ டிரைவர் எது எண்டு தெரியாது, இந்த வீட்டில நான்தான் மெக்கானிக்."

ஜெசிந்தாவின் கார்

இது எங்கள் கொட்டாஞ்சேனைக் கதை. ஜெசிந்தாவின் கணவர் ராஜன் கப்பல் கம்பனியில் கிளார்க். ஒரு சுற்றிவளைப்பில் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். சந்தேகத்தின்பேரில் என்றார்கள், என்ன சந்தேகம் என்று சொல்லவில்லை. மாதங்கள் போயின. ஜெசிந்தா ஒருநாள் என்னிடம் வந்து பெல்ட் மாற்ற வேண்டும் என்றாள். எனக்கு ஆச்சரியம். அவளுக்குக் கார் ஓட்டவே தெரியாது, கார் முற்றத்தில் தூசி பிடித்து நின்றது. "அவரைக் கொண்டுபோன அண்டைக்குக் காலமை, பெல்ட் மாத்த வேணும், பிலோவுக்குச் சொல்லி வை எண்டு சொன்னவர். அதுதான் வீட்டில கடைசியாச் சொன்ன கதை. அதையாவது செய்து வைக்கிறன்" என்றாள்.

போனேன். சேவியர் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. வேலை நடக்கும்போது ஜெசிந்தா பக்கத்திலேயே நின்றாள். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கதவைத் திறந்து டிரைவர் சீற்றில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இது எப்படி நகருது?" என்று கேட்டாள். அவரைச் சிறையில் பார்க்கப் போவதற்கு ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி, சாப்பாட்டுப் பார்சலோடு நெரிபட்டுப் போய்க்கொண்டிருந்தவள் அவள். சேவியர்தான் அவளுக்குக் கார் பழக்கினார். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வெறும் வளவில் ஞாயிறு பூசை முடிய முடியப் பழகினாள். முதல் நாள் வளவுச் சுவரை இடித்தாள். இரண்டாம் நாள் அதே சுவரை இன்னொரு பக்கத்தால் இடித்தாள். பிறகு இடிக்கவில்லை. லைசன்ஸும் எடுத்தாள். பார்க்கப் போகிற நாட்களில் காரிலேயே போனாள். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டாள். சோதனைச் சாவடிக்காரர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு வந்தது. ராஜனிடம் மட்டும் சொல்லவில்லை. வெளியே வரட்டும், காட்டுவோம் என்று வைத்திருந்தாள்.

ஒருநாள் நீதிமன்றம் விடுவித்துவிட்டது, ஒரு குற்றமும் இல்லை என்று. அவரைக் கூட்டிவரப் போன கார் பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நானும் சேவியரும் ஓடிப்போனோம். ராஜன் மெலிந்து, தாடியோடு, இடப்பக்கச் சீற்றில் இருந்தார். ஒரு கையால் கதவுக்கு மேலே இருக்கிற பிடியை விடாமல் பிடித்திருந்தார். ஜெசிந்தா ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, வேர்க்க வேர்க்கச் சிரித்தாள். என் வாயில் வந்தது, "கார் எப்படி ஓடுது ராஜன்?" என்பதுதான். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாதக்கணக்கில் சிரிக்காத முகம் மெல்ல இளகியது. "பெல்ட்டை மாத்தச் சொல்லிப்போட்டுத்தான் போனனான் பிலோ, டிரைவரையும் சேத்து மாத்திப்போட்டாள்!"

பெல்ட் மாற்றுகிற வேலையை யாரும் பழகலாம், அதற்கு வேண்டிய கருவிகளும் கடையில் கிடைக்கும், ஆனால் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற கார்க்காரரைச் சமாளிக்கிற கருவியைத்தான் இன்னும் எந்த நாடும் செய்து அனுப்பவில்லை.